சாலைக்குப் பெயர் உண்டு, வாக்குக்கு இடம் எங்கே?

தொழிலாளத் தோழர்களே, கிராணிமார்களே! இந்த இதழில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். உங்கள் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் யார் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். சட்டமன்றத்தில் உங்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்று கேட்டால் சற்று யோசித்தாவது சொல்வீர்கள். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் ஓடும் கால்வாய்க்குப் பொறுப்பாளர் யார்? குப்பை லாரி ஏன் வரவில்லை என்று யாரைக் கேட்பது? தெருவிளக்கு எரியாத இருட்டில் உங்கள் பிள்ளைகள் டியூஷன் முடிந்து நடந்து வருகிறார்களே, அந்த விளக்குக்காக யார் கதவைத் தட்டுவது? உங்கள் வட்டாரத்து நகராண்மைக் கழகக் கவுன்சிலரின் பெயர் என்ன?

இதற்குத் தயங்காமல் பதில் சொல்லக்கூடியவர் நம்மில் சிலரே இருப்பர். இது உங்கள் குற்றமன்று. நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவரின் பெயர் உங்கள் மனத்தில் எப்படி நிற்கும்? உங்களிடம் வாக்குக் கேட்டு ஒருநாளும் வராத ஒருவரின் முகம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த நாட்டில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. கவுன்சிலர் என்றால் வீடு வீடாகப் படியேறி வாக்குக் கேட்டவர், வாக்களித்தவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தை இளைய தலைமுறை அறியாது. முதியோரும் மறந்து வருகிறார்கள். அதை நினைவூட்ட, ஈப்போ பட்டணத்தின் பெயரோடு தம் பெயரைப் பிணைத்துக்கொண்ட ஒருவரின் பொதுவாழ்வை இன்று எடுத்துக்கொள்கிறோம். அவர்தான் காலஞ்சென்ற டி. ஆர். சீனிவாசகம்.

ஈப்போவின் சகோதரர்கள்

டி. ஆர். சீனிவாசகமும் அவருடைய அண்ணன் எஸ். பி. சீனிவாசகமும் யாழ்ப்பாணத்துத் தமிழ் வழிவந்தவர்கள். இருவரும் வழக்கறிஞர்கள். குற்ற வழக்குகளில் பெயர் பெற்ற இந்தச் சகோதரர்கள் 1953ஆம் ஆண்டில் பேரா முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தனர். அதுவே பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி என்று பெயர் மாறியது.

அவர்களுடைய தொடக்கம் வெற்றியோடு அமையவில்லை. 1955ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணி வென்றது. எஞ்சிய ஓர் இடமும் முற்போக்குக் கட்சிக்குக் கிட்டவில்லை. சாதாரண மனிதராயிருந்தால் அத்தோடு அரசியலை விட்டு, நல்ல வருமானம் தரும் வழக்கறிஞர் தொழிலோடு நின்றிருப்பார். டி. ஆர். நிற்கவில்லை. 1957ஆம் ஆண்டு நவம்பரில், சுதந்திரம் வந்த மூன்றாம் மாதத்தில், ஈப்போ மெங்லெம்புத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. நாடு முழுதும் கூட்டணியின் கொடி பறந்த நேரம் அது. அந்த நேரத்தில் அவர் அதில் நின்று வென்றார். 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் ஈப்போவிலும் அண்ணன் மெங்லெம்பிலும் வென்றதோடு, பத்துகாஜா, உலு கிந்தா ஆகிய இடங்களும் கட்சிக்குக் கிடைத்தன.

இந்த வெற்றி எங்கிருந்து வந்தது? பத்திரிகைகளும் பணமுடையோரும் தந்ததன்று. நகரசபையிலிருந்து வந்தது என்பதே நம் கருத்து. 1950களின் பிற்பகுதியில் ஈப்போ நகரசபை சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி வசமாயிற்று. 1960களிலும் அது அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. மலாயாவிலேயே துப்புரவான பட்டணம் என்ற பெயர் அந்நாளில் ஈப்போவுக்கு இருந்தது. பார்லிமெண்டில் எதிர்க்கட்சிக்காரர் ஆயிரம் பேசலாம். ஒரு கால்வாயை வெட்டவோ ஒரு குழாயைப் போடவோ அவரால் இயலாது. நகரசபையில் இயலும். பேசுகிறவன் செய்யவும் தெரிந்தவன் என்று மக்கள் கண்ணாரக் கண்டார்கள். ஆகவே பார்லிமெண்டுக்கும் அவனையே அனுப்பினார்கள்.

டி. ஆர். வெறும் கால்வாய் அரசியலோடு நின்றவரும் அல்லர். இந்த மண்ணில் பிறந்தவர் அனைவர்க்கும் சமமான பிரஜாவுரிமை வேண்டும் என்றும், சீனமும் தமிழும் அரசாங்க மொழிகளாக இடம்பெற வேண்டும் என்றும் அவருடைய கட்சி வாதாடியது. அந்தக் கொள்கையில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. அதற்காக அவர் பெற்ற வசைகளும் குறைவல்ல. 1965ஆம் ஆண்டில் மலேசியர் மலேசியா என்ற கொள்கையோடு கூடிய ஒருமைப்பாட்டு மாநாட்டிலும் அவருடைய கட்சி சேர்ந்து நின்றது.

அவருடைய துணிவுக்கு ஒரு சம்பவம் போதும். 1964ஆம் ஆண்டில் கல்வி அமைச்சராயிருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் பார்லிமெண்டில் ஊழல் குற்றச்சாட்டுக் கூறினார். மன்றத்துக்குள் பேசினால் வழக்கில்லை. வெளியே வந்து பேசத் துணிவுண்டா என்று சவால் எழுந்தது. டி. ஆர். வெளியே வந்தார். அதே சொற்களைப் பொதுமேடையில் சொன்னார். அமைச்சர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார், தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றுப் பதவி விலகினார். தன் சொல்லுக்குத் தானே ஜாமீன் நிற்பது என்றால் இதுதான்.

1969ஆம் ஆண்டு மார்ச்சில், பொதுத் தேர்தலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் இருக்கையில், டி. ஆர். காலமானார். மே 10இல் வாக்களிப்பு நடந்தபோது பேரா சட்டமன்றத்தின் 40 இடங்களில் 12 இடங்களை அவருடைய கட்சி வென்றது. கூட்டணிக்குக் கிடைத்தவை 19. பெரும்பான்மை எவருக்கும் இல்லை. தலைவர் மறைந்த பின்னரும் அவர் விதைத்தது விளைந்தது என்பதற்கு இதுவே சான்று.

குறையையும் சொல்வோம்

புகழ் பாடுவது மட்டும் நம் நோக்கமன்று. அந்தக் கட்சி இரண்டு சகோதரர்களின் தோளில் நின்ற கட்சி. ஒரு தோள் சாய்ந்ததும் ஆட்டம் கண்டது. எஸ். பி. 1970களின் தொடக்கத்தில் ஆளுங்கட்சியோடு கைகோர்த்தார். 1974இல் தேசிய முன்னணி அமைந்தபோது அவர் கட்சியும் அதில் இருந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் மெங்லெம்பு மக்கள் அவரைத் தோற்கடித்தனர். மறு ஆண்டில் அவரும் காலமானார். அதன் பிறகு அந்தக் கட்சி பழைய பலத்தைப் பெறவே இல்லை. இரண்டாம் வரிசைத் தலைவர்களை உருவாக்காத இயக்கத்துக்கு இதுதான் கதி. சங்கமாயினும் கட்சியாயினும் இந்தப் பாடம் ஒன்றே. நம் கிளைத் தலைவர்களும் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

இதில் இன்னொன்றும் உண்டு. மெங்லெம்பு மக்கள் எஸ். பி.யை ஏற்றி வைத்தார்கள். அவர்களே இறக்கியும் வைத்தார்கள். ஏற்றவும் இறக்கவும் உரிமை இருந்ததால்தான் சீனிவாசகம் சகோதரர்கள் தம் பட்டணத்துக்கு உழைத்தார்கள். அந்த உரிமையைப் பற்றித்தான் நாம் பேச வந்தோம்.

ஜார்ஜ்டவுனிலும் அப்படியே

ஈப்போ மட்டுமன்று. பினாங்கு ஜார்ஜ்டவுன் 1957ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மாநகரமாயிற்று. அதன் மேயர் ஆசனத்தில் அமர்ந்தவர்களில் ஒருவர் தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன். அவர் பிரபு வம்சத்தவரல்லர், பள்ளிக்கூட ஆசிரியர். அந்த மாநகரசபை சொந்தமாக மின்சாரம் வழங்கியது, தண்ணீர் வழங்கியது, பஸ் ஓட்டியது. நாட்டிலேயே மிகுந்த வருவாயுள்ள ஸ்தல ஸ்தாபனம் என்று அது பெயர் பெற்றிருந்தது. ஓர் ஆசிரியர் அதன் தலைவராக முடிந்ததற்கு வாக்கு ஒன்றே காரணம். நியமனத்தால் வரும் பதவிக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டும். வாக்கால் வரும் பதவிக்கு மக்களின் நம்பிக்கை போதும்.

இன்னும் பின்னே போனால், 1951ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் ஜார்ஜ்டவுனில் நடந்த நகரசபைத் தேர்தலே யுத்தத்துக்குப் பிந்திய மலாயாவில் முதல் தேர்தல். 15 அங்கத்தினர்களில் 9 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரில் தேர்தல் நடந்தது. அங்கே 12 இடங்களில் 9 இடங்களை அம்னோவும் ம.சீ.ச.வும் சேர்ந்து வென்றன. பிற்பாடு இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த கூட்டணி பிறந்த இடம் அந்த நகரசபைத் தேர்தல்தான். பார்லிமெண்டுக்கு வாக்குப் போட நாடு கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் நகரசபை. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவர்களே பின்னர் அதன் கதவை மூடினார்கள் என்பதுதான் வேதனை.

கதவு மூடிய கதை

முதலில் மூடியது தலைநகரில். 1961ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூர் நகரசபை கலைந்து, நியமனம் பெற்ற கமிஷனரின் ஆட்சி வந்தது. ஏனைய இடங்களில் 1963இல் நடந்த தேர்தலே கடைசி. இந்தோனேசியாவோடு மோதல் மூண்டிருந்தது. அதைக் காரணம் காட்டி 1965ஆம் ஆண்டு மார்ச்சில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. சமாதானம் வந்ததும் தேர்தலும் வரும் என்பது அன்றைய வாக்குறுதி. 1966ஆம் ஆண்டு ஆகஸ்டில் சமாதானம் வந்தது. தேர்தல் வரவில்லை.

அதற்கிடையில் சில நகரசபைகளில் நிர்வாகக் கோளாறு, பணக் கோளாறு என்று புகார் எழுந்ததால், அரசாங்கம் 1965இல் விசாரணைக் கமிஷன் ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.வைச் சேர்ந்தவர், வழக்கறிஞர், நம்மவர். ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த ஒருவர் தலைமை வகித்த கமிஷன் ஆளுங்கூட்டணி விரும்பியதைத்தானே சொல்லும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஊர் ஊராக விசாரித்து, 1968ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தக் கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. தேர்ந்தெடுத்த மன்றங்களில் குறைகள் உண்டு, ஆயினும் நியமன மன்றங்களைவிட அவையே மேல், ஆகவே தேர்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். நோய் கண்டதற்கு மருந்து கொடு, நோயாளியைக் கொல்லாதே என்று சொன்னது போல.

அறிக்கை உடனே வெளிவரவில்லை. மக்கள் அதைப் பார்க்க 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரசாங்கம் அதன் தலையாய பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்தச் சட்டப்படி ஒவ்வொரு மன்றத்திலும் தலைவர் ஒருவர், 8க்குக் குறையாத 24க்கு மேற்படாத கவுன்சிலர்கள். எல்லோரும் மாநில அரசின் நியமனம். பினாங்கு மாநிலம் 2012இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. அதற்கு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ஆகவே சாவி பார்லிமெண்டின் கையில் இருக்கிறது.

தோட்டத்துக்கு இதில் என்ன?

பட்டணத்துக்காரன் இழந்த உரிமைக்குப் பால்வெட்டுக்காரன் ஏன் வருந்த வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தத் தலையங்கத்தின் உயிர்.

பட்டணத்துக்காரன் ஒரு காலத்தில் அந்த உரிமையைப் பெற்றுப் பின்பு இழந்தான். தோட்டத்துக்காரனாகிய நமக்கு அது வாய்க்கவே இல்லை. அவசரகாலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் மக்களைப் புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்தக் கிராமங்களுக்குத் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வழி திறந்தது. தோட்டத்து லயங்களையும் முள்வேலிக்குள் அடைத்தார்கள். வேலி நமக்கும் வந்தது; மன்றம் வரவில்லை. ஏனெனில் தோட்டம் தனியார் நிலம். சடக்கு கம்பெனியுடையது, தண்ணீர் கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது. துரையே நகரசபை, துரையே மேயர். கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல். கிராணி துரையிடம் சொல்வார். துரை லண்டனுக்கு எழுதுவார். அந்தக் கூரைக்கு வாக்கு எதுவும் இல்லை.

ஈப்போ பட்டணத்தின் விளக்கு வெளிச்சம் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களின் வாசலில் வந்து நின்றுவிட்டது. டி. ஆர். சீனிவாசகத்தின் நகரசபை எத்தனை திறமையானதாயினும் ஒரு தோட்டத்து லயத்துக்குள் நுழைந்து ஒரு குழாய் போட அதற்கு அதிகாரமில்லை. நமக்கிருந்த ஒரே மன்றம் நம் சங்கம். 1954இல் தனித்தனியே இருந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகித் தேசிய சங்கமானபோதுதான் லயத்துக் குரல் துரையின் ஆபீஸுக்கு அப்பாலும் கேட்டது. குடியிருப்பு வசதி பற்றி 1966இலும், பின்னர் 1990இலும் வந்த சட்டங்களும் முதலாளியின் தலையில்தான் பொறுப்பை வைத்தன. அது தேவைதான். ஆனால் முதலாளி கொடுப்பதை வாங்கிக்கொள்பவனாகத்தான் சட்டம் தொழிலாளியைப் பார்த்தது. தன் குடியிருப்பைத் தானே ஆளும் பிரஜையாகப் பார்க்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? 1950களில் தொடங்கியது தோட்டத் துண்டாடல். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. 1980களிலும் 1990களிலும் பட்டணங்களை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் கோல்ஃப் மைதானங்களாகவும் மாறின. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தை விட்டு நம்மவர் வெளியேறினார்கள். சிலர் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டனர். பலர் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறினர். இன்று தோட்டத்தில் மிஞ்சியிருப்போரைவிடப் பட்டணத்து விளிம்பில் வாழும் தோட்டத்து மக்களே மிகுதி. அவர்களுடைய கால்வாயும் குப்பையும் விளக்கும் சிறுகடை லைசென்ஸும் பிள்ளைகள் விளையாடும் திடலும் சின்னக் கோயிலின் இடமும் இப்போது நகராண்மைக் கழகத்தைச் சார்ந்தவை.

அந்தக் கழகத்தில் அமர்ந்திருப்போர் யார்? நியமனம் பெற்றவர்கள். அவர்களில் நல்லவர்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. இரவு பகல் பாராமல் ஓடியாடும் கவுன்சிலர்களும் உண்டு. ஆயினும் தன்னை நியமித்தவர் முகத்தைப் பார்ப்பதா, தான் சேவை செய்யும் மக்கள் முகத்தைப் பார்ப்பதா என்ற நெருக்கடி வரும்போது மனிதன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டத்தில் துரையைக் கம்பெனி நியமித்தது. பட்டணத்தில் கவுன்சிலரை அரசு நியமிக்கிறது. பாட்டன் லயத்தில் பிறந்தான், பேரன் பத்தாவது மாடியில் வாழ்கிறான். வீட்டு வாசலை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இருவரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. லயம் போயிற்று, லயத்து நிலைமை போகவில்லை.

மறுப்போர் சொல்வது

இந்த வாக்கு வேண்டாம் என்போர் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். அவற்றை ஒதுக்கித் தள்ளாமல் பார்ப்போம்.

முதலாவது, இனப் பிரச்சினை வரும் என்பது. 1960களில் பட்டணங்கள் பெரும்பாலும் சீனர் பட்டணங்கள். ஆகவே அந்த அச்சம் அன்று எழுந்ததில் வியப்பில்லை. இன்று எல்லா இனத்தவரும் பட்டணத்துக்கு வந்துவிட்டனர். அடைபட்ட கால்வாய் மலாய்க்காரர் வீட்டிலும் இந்தியர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் ஒரே மாதிரிதான் நாறுகிறது. கொசு இனம் பார்த்துக் கடிப்பதில்லை. தமிழர் சிறுபான்மையாயிருந்த ஈப்போவில் தமிழ்ச் சகோதரர் இருவரைச் சீன வாக்காளர் தேர்தல் தேர்தலாக வெற்றி பெறச் செய்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். வேலை செய்கிறவனை மக்கள் அறிவார்கள்.

இரண்டாவது, பழைய நகரசபைகளில் ஊழல் நடந்தது என்பது. சிலவற்றில் கோளாறுகள் நடந்தன என்பது உண்மை. ஆனால் ஊழலுக்கு மருந்து தணிக்கையும் நீதிமன்றமும் அடுத்த தேர்தலும். வாக்கை எடுத்துவிட்டால் ஊழல் போகாது. அதைத் தண்டிக்கும் கைதான் போகும். ஆதி நாகப்பன் கமிஷன் இந்தக் கோளாறுகளை ஆராயத்தான் உட்கார்ந்தது. ஆராய்ந்த பிறகும் தேர்தல் வேண்டும் என்றது.

மூன்றாவது, செலவு என்பது. தேர்தலுக்குச் செலவுண்டு, மறுக்கவில்லை. மதிப்பீட்டு வரி கட்டும் மக்களின் பணம் எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லாத செலவு அதைவிடப் பெரிது.

இவர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், சங்கத்தின் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க அங்கத்தினர் இரகசிய வாக்களிக்க வேண்டும் என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பால்வெட்டுப் பெண்ணும் வாக்குச் சீட்டில் அடையாளமிட்டுத் தன் சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். சங்கத்தை நடத்த அவளுக்கு அறிவிருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. தன் தெருவை நடத்துபவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் அறிவு போதாதா? 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 18 வயதானவர்களுக்கு வாக்குரிமை வந்தது. பெயர்ப் பதிவும் தானாக நடக்கிறது. பிரதமரை ஆக்கும் வாக்குக்கு 18 வயதுப் பிள்ளை தகுதி என்றால், கால்வாய்க்குக் கவுன்சிலரை ஆக்கும் வாக்குக்கு அவன் தகப்பனும் தகுதியில்லையா?

நாம் செய்ய வேண்டியது

அழுது புலம்புவதில் பயனில்லை. செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு கிளையும் தன் அடுத்த பொதுக்கூட்டத்தில், ஊராட்சி மன்றத் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, தன் தொகுதிப் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு அனுப்ப வேண்டும். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியை வாசலிலேயே கேட்க வேண்டும்.

இரண்டு: தேர்தல் வரும்வரை, தோட்டத்து மக்களும் முன்னாள் தோட்டத்து மக்களும் மிகுதியாக வாழும் வட்டாரங்களில், கவுன்சிலர் நியமனத்துக்கு முன் அங்குள்ள தொழிலாளர் சங்கத்தையும் குடியிருப்போர் சங்கத்தையும் மாநில அரசு கலந்துகொள்ள வேண்டும். ம.இ.கா. ஆனாலும் வேறு கட்சியானாலும் கட்சி ஆபீஸில் மட்டும் பட்டியல் தயாராகக் கூடாது.

மூன்று: நம் கவுன்சிலர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயரை எழுதிக் கோயில் மண்டபத்திலும் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். புகாரை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். தேதி போட்டுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் கிராணிமார்களின் கடமை பெரிது. கையில் பேனா பிடித்தவர் ஓய்வு பெற்றாலும் அந்தப் பேனாவுக்கு ஓய்வில்லை. உங்கள் மாடியில் இருக்கும் பத்துக் குடும்பங்களுக்கு நீங்கள் எழுதும் ஒரு கடிதம் ஒரு மேடைப் பேச்சைவிடப் பலன் தரும்.

நான்கு: நம் இளைஞர்கள், பெண்கள் அடங்கலாக, குடியிருப்போர் சங்கப் பொறுப்புகளுக்கு வரட்டும். தேர்தல் திரும்ப வரும் நாளில் நிற்க ஆளில்லை என்ற நிலை வரக்கூடாது. சகோதரர் இருவரோடு ஒரு கட்சி சுருங்கிய கதையை மேலே சொன்னோம். அது நமக்கு வேண்டாம்.

முடிவாக ஒரு சொல். ஈப்போவில் பட்டத்து விழாப் பூங்கா என்றிருந்த இடம் இன்று டி. ஆர். சீனிவாசகம் பூங்கா. பினாங்கில் ஸ்காட் ரோடு என்றிருந்தது இன்று டி. எஸ். ராமநாதன் சாலை. கோலாலம்பூரில் ஆதி நாகப்பன் பெயரால் ஒரு சாலை உண்டு. ஒருவர் நகரசபையை நடத்திக் காட்டிய கட்சியின் தலைவர். ஒருவர் அதில் மேயராக அமர்ந்தவர். ஒருவர் அது வாழ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர். மூவருக்கும் இந்த நாடு மரியாதை செய்திருக்கிறது, நன்றி. ஆனால் அந்தப் பூங்காவில் புல் வெட்டுவதும் அந்தச் சாலைகளில் விளக்கேற்றுவதும் இன்று மக்கள் தேர்ந்தெடுக்காத மன்றங்கள்.

பெயர்ப் பலகை வைப்பது எளிது. அந்தப் பெயருக்குரியவர்கள் எதற்காக நின்றார்களோ அதை நிலைநாட்டுவதே கடினம். கடினமானதைக் கேட்பதற்குத்தான் சங்கம் இருக்கிறது. வைகறை இருட்டில் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்து பழகியவர்கள் நாம். இருட்டைக் கண்டு நின்றவர்களல்லர். நம் தெருவுக்கு நாமே ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் வரும்வரை இந்தக் கோரிக்கையைக் கைவிட மாட்டோம் என்று உறுதி கொள்வோமாக!